மலைக்குச் செல்வோம், மலையை அறிந்து செல்வோம்



இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இருப்போர் கிழக்கே நோக்கினால், செம்பனை மரங்களின் தலைக்கு மேலே ஒரு நீலக் கோடு தெரியும். வெயில் ஏற ஏற அது மங்கி மறைந்துவிடும். "அது மேகமா, மலையா சார்?" என்று எங்கள் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒருநாள் கேட்டான். அவன் பிறந்ததிலிருந்து அந்தக் கோட்டைப் பார்த்து வருகிறான். அவன் தகப்பனாரும் பார்த்திருக்கிறார், பாட்டியும் பார்த்திருக்கிறார். மூவரில் ஒருவர்கூட அங்கே போனதில்லை.

ஏன் போகவில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டோம். காசு இல்லை என்றார் ஒருவர். பிள்ளைகளை ஆறு அடித்துக்கொண்டு போய்விடும் என்றார் மற்றொருவர். அந்தப் பையனின் பாட்டி சிரித்தபடி சொன்னார்: "முப்பது வருசம் மேடும் பள்ளமுமா ஏறி எறங்கிப் பால் வெட்டினோம். இன்னும் காசு குடுத்து வேற மலை ஏறணுமா வாத்தியாரே?"

மூன்று பதில்களிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் நாங்கள் போனோம். பாட்டியையும் அழைத்துக்கொண்டு போனோம். மலை எப்படிப்பட்டது, அங்கே எதைப் பார்க்கலாம், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பவற்றை, அந்தப் பயணத்தை வைத்தே இன்று உங்களோடு பேசலாம் என்று எண்ணுகிறோம்.

முதலில் அந்த நீலக் கோடு என்னவென்று பார்ப்போம். அதுதான் தித்திவங்சா மலைத்தொடர். தாய்லாந்து எல்லையிலிருந்து தெற்கே நெகிரி செம்பிலான் வரை, ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளத்துக்கு, நம் தீபகற்பத்தின் முதுகெலும்பு போல அது கிடக்கிறது. பேராக் மாநிலத்திலுள்ள கோர்பு சிகரம் 2,183 மீட்டர் உயரமுடையது. இத்தொடரில் அதுவே மிக உயர்ந்தது. நாம் நன்கு அறிந்த கேமரன் மலை, கெந்திங் மலை, பிரேசர் மலை ஆகிய மூன்றும் இந்தத் தொடரில்தான் இருக்கின்றன.

இம்மூன்றில் நாங்கள் தேர்ந்தெடுத்தது பிரேசர் மலை. கெந்திங்கில் பிள்ளைகள் கேட்பதையெல்லாம் வாங்கிக் கொடுக்க நம் பை தாங்காது. கேமரன் மலைக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவது பிள்ளைகளுக்கு அலைச்சல். பிரேசர் மலையோ கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். அங்கே காசு கொடுத்துப் பார்க்க வேண்டியவை குறைவு. நடந்து பார்க்க வேண்டியவையே மிகுதி.

அந்த மலைக்கு ஏன் அப்பெயர் வந்தது? லூயி ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் 1890-ஆம் ஆண்டுகளில் அங்கே ஈயத் தாது வாணிகம் செய்தார். கோவேறு கழுதைகளின் முதுகில் சுமை ஏற்றி மலைப்பாதையில் அனுப்பி வந்தார். பிறகு அவர் எங்கே போனார் என்பது எவருக்கும் தெரியாமல் போயிற்று. 1917-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்த பாதிரியார் தலைவர் பெர்குசன் டேவி அவரைத் தேடிக்கொண்டு அங்கே ஏறினார். ஆள் கிடைக்கவில்லை, ஆனால் அந்த இடத்தின் குளிர்ச்சி அவர் மனத்தைக் கவர்ந்தது. வெயிலில் வாடும் வெள்ளைக்கார அதிகாரிகள் ஓய்வெடுக்க ஏற்ற இடம் என்று அரசாங்கத்துக்கு அவர் எழுதினார். 1919-இல் வேலை தொடங்கியது. 1922-இல் மலை நகரம் திறக்கப்பட்டது.

துரைமார் இளைப்பாறுவதற்காக உண்டான இடம் அது. இன்று நம் பிள்ளைகள் அங்கே ஓடி விளையாடலாம், எவரும் தடுப்பதில்லை. மலாயாவின் சாலைகளையும் இரயில் பாதைகளையும் போட்ட கைகளில் பெரும்பகுதி தமிழர் கைகளே. கேமரன் மலையில் 1929-இல் தேயிலைத் தோட்டம் உண்டானபோது, செடியை நட்டுக் கொழுந்து கிள்ளியதிலும் நம்மவர் பங்கு பெரிது. ஆகவே, மலை நமக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டியதில்லை.

மேலே போகப் போகக் குளிர்கிறதே, சூரியனுக்குக் கிட்டே போனால் சூடல்லவா கூட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. சூரிய ஒளி காற்றை நேராகச் சூடேற்றுவது குறைவு. அது தரையைச் சூடேற்றுகிறது. தரைதான் தன்னை ஒட்டிய காற்றைச் சூடேற்றுகிறது. சூடான காற்று மேலெழுகிறது. மேலே போகப் போக அதை அழுத்தும் காற்றின் பாரம் குறைகிறது. அதனால் அது விரிகிறது. விரியும் காற்று குளிரும். சைக்கிள் டயரின் காற்றைத் திறந்துவிட்டு விரலை அங்கே வைத்துப் பாருங்கள், சில்லென்று படும். அதே காரியம்தான் மலையிலும் நடக்கிறது. பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் 6 பாகை அளவு வெப்பம் குறையும். பிரேசர் மலை நகரம் 1,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. கிள்ளானில் 33 பாகை வெயில் அடிக்கும்போது அங்கே ஏறத்தாழ 25 பாகைதான் இருக்கும். இரவில் 20-க்கும் கீழே போய்விடும். மழையில் நனைந்த பிள்ளைக்கு அந்தக் குளிர் போதும், உடம்பு நடுங்க. எனவே ஆளுக்கு ஒரு மாற்றுத் துணியும் ஒரு தடித்த சட்டையும் கட்டாயம் வேண்டும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையே போதும்.

குளிர்ந்த காற்று ஈரத்தைத் தாங்காது. அது பனிமூட்டமாகிறது, மழையாகிறது. காட்டு மரங்களும் அவற்றின் அடியிலுள்ள சருகு மண்ணும் அந்த மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. பிரேசர் மலைச் சாரலில் பிறக்கும் ஓடைகள் சிலாங்கூர் ஆறாகத் திரள்கின்றன. கோலகுபு பாருவைத் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது, அந்த ஆற்றின் குறுக்கே கட்டிய அணையைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஆற்றிலிருந்து வருவதே. அந்த ஆற்றில் அழுக்குக் கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றபோது, நாம் வாளியும் கையுமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம் அல்லவா? அந்த நீலக் கோடு வெறும் காட்சியன்று, நம் அடுப்பங்கரைக் குழாயின் மறுமுனை என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அணையைக் கண்டதும் வண்டியே அமைதியாகிவிட்டது.

இனி, போகும் வழியைச் சொல்வோம். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கொம்யூட்டர் ரயில் ஏறிக் கோலகுபு பாரு நிலையம் வரை போகலாம். அதன் பிறகு மலைக்கு வாடகை வண்டிதான். ஆகவே, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வண்டி பேசிக்கொண்டு வீட்டிலிருந்தே புறப்படுவது சிக்கனம். மாதாமாதம் கூட்டு வைப்பது போல ஆறு மாதம் சிறிது சிறிதாகச் சேர்த்துத்தான் நாங்களும் போனோம். புளிச்சாதமும் நெத்திலிச் சம்பலும் வீட்டிலேயே கட்டிக்கொண்டோம்.

நடந்து பழகாத உடம்போடு மலைக்குப் போகக் கூடாது. பழகுவதற்கு நமக்குப் பத்துமலை இருக்கிறது. அந்த 272 படிகளை நின்று நின்றாவது மார்பு வலியின்றி ஏறி இறங்க முடிகிறவர், பிரேசர் மலையின் எளிய பாதைகளில் நடக்கலாம். முடியாதவர் சாலையோரமாக உலாவினால் போதும். அங்கும் அழகுக்குக் குறைவில்லை. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகக் காடும் பழகுவதற்கு நல்ல இடம். ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920-ஆம் ஆண்டுகளில் மரம் நட்டு மனிதர் வளர்த்த காடு அது. 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை இடமாக ஏற்றுக்கொண்டது. கெட்ட நிலமும் கைப்பட்டால் காடாகும் என்பதை அங்கே கண்ணால் காணலாம்.

பிரேசர் மலையில் நடுநாயகமாகக் கொடி படர்ந்த மணிக்கூண்டு நிற்கிறது. அதைச் சுற்றிப் பழைய கல் வீடுகள். அங்கிருந்து காட்டுக்குள் போகும் நடைபாதைகள் பல உண்டு. சில அரை மணி நேரத்தில் முடியும். சில அரை நாள் எடுக்கும். பிள்ளைகளோடு போகிறவர் குறுகிய பாதையையே எடுக்க வேண்டும். பறவைகளைப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டார் அங்கே வருகிறார்கள். 250-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் அந்த வட்டாரத்தில் உண்டு. 1988-இலிருந்து பறவை காணும் அனைத்துலகப் போட்டியும் அங்கே நடத்தப்பட்டிருக்கிறது. விடியற்காலைதான் பறவைக்கு ஏற்ற நேரம். வாய் மூடி ஐந்து நிமிடம் நின்றால் போதும். அவை தாமே வரும். பெரிய அலகுள்ள இருவாட்சி பறக்கும்போது அதன் சிறகோசை தலைக்கு மேல் வீச்சு வீச்சாகக் கேட்கும். தொண்டைப் பையை ஊதிப் பெருக்கிக் கூவும் சியாமாங் என்ற வாலில்லாக் கறுங்குரங்கின் குரல் ஒரு மலையிலிருந்து மறுமலைக்கு எட்டும். எங்கள் பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். பிறகு அதைப் போலவே கூவத் தொடங்கினார்கள்.

காட்டுப் பாதையில் நடப்பதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். மெதுவாக நடப்பவரை முன்னே விட வேண்டும். பெரியவர் ஒருவர் கடைசியில் வர வேண்டும். திருப்பந்தோறும் தலை எண்ண வேண்டும். வழி தவறியதாகத் தோன்றினால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லிப் பிள்ளைகளின் கழுத்தில் ஒரு ஊதல் மாட்டிவிடுங்கள். கைப்பேசியை நம்ப முடியாது. பல வளைவுகளில் அதற்கு உயிர் இருப்பதில்லை. அட்டை கடித்தால் பிடித்து இழுக்க வேண்டாம்; நகத்தால் அதன் வாயை ஓரமாகத் தள்ளினால் விட்டுவிடும். இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியாததா?

இனி அஞ்ச வேண்டியவற்றுக்கு வருவோம். அவை மூன்று: சாலை, சரிவு, ஆறு.

முதலாவது சாலை. கேப் என்ற கணவாயிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் பழைய சாலை மிகக் குறுகியது. ஒரு வேளை ஏறும் வண்டிகளும், மறுவேளை இறங்கும் வண்டிகளுமாக நெடுங்காலம் முறை வைத்து விட்டார்கள். மண்சரிவினால் மலைச்சாலைகள் மூடப்படுவதும் உண்டு. எனவே, எந்த வழி திறந்திருக்கிறது என்று புறப்படுமுன் கேட்டறிய வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. நீண்ட இறக்கத்தில் ஓட்டுநர் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது காய்ந்து பிடிப்பை இழந்துவிடும். தாழ்ந்த கியரில் போட்டால் இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். 2013-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் நாள் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். ஆகவே, வாடகை குறைவு என்பதற்காக எந்த வண்டியையும் பேசிவிடக் கூடாது. அனுமதி உண்டா, டயர் எப்படி, ஓட்டுநர் முந்திய இரவு தூங்கினாரா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சுற்றுலாப் பேருந்தில் இருக்கை வார் அணிவது 2025 ஜூலை முதல் சட்டப்படி கட்டாயம். அதை நாமே முதலில் மாட்டிக்கொண்டு பிள்ளைக்கும் மாட்டிவிட வேண்டும்.

இரண்டாவது சரிவு. மழைநீர் மண்ணுக்குள் நிரம்பினால் மண்ணின் பாரம் கூடுகிறது; பிடிப்பு குறைகிறது. ஓர் எல்லை வந்ததும் மலையின் ஒரு பக்கமே வழுக்கி இறங்கிவிடுகிறது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், விடியுமுன் எல்லாரும் உறங்கும் நேரத்தில், பத்தாங் காலியை அடுத்த ஒரு முகாம் இடத்தின்மேல் மண் சரிந்தது. 31 பேர் இறந்தார்கள். பள்ளி விடுமுறைக்காகப் பெற்றோருடன் கூடாரம் போட்டிருந்த சிறு பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. செங்குத்தான மேட்டின் அடியிலோ, வெட்டிய சரிவின் விளிம்பிலோ கூடாரம் போடக் கூடாது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், கசியும் சேற்று நீர் ஆகியவற்றைக் கண்டால் அங்கே நிற்கவே கூடாது. உரிமம் இல்லாத முகாமுக்குப் போகக் கூடாது. நாட்கணக்கில் மழை விடாது பெய்தால், கட்டிய பணம் போனாலும் சரி, பயணத்தை ஒத்திவைக்க வேண்டும்.

மூன்றாவது ஆறு. இது எங்களுக்கே நேர்ந்தது, ஒளிக்காமல் சொல்கிறோம்.

மலையிலிருந்து திரும்பும் வழியில், அடிவாரத்தில் ஓர் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினோம். பிற்பகல் இரண்டு மணி தாண்டியிருந்தது. எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். தண்ணீர் பளிங்கு போல, பிள்ளைகளின் முழங்கால் அளவே இருந்தது. இறங்கி விளையாடினார்கள். புறப்படலாம் என்றதும், "இன்னும் அஞ்சு நிமிசம் சார்" என்று கெஞ்சினார்கள். நாங்களும் சரி என்றோம். அதுதான் எங்கள் பிழை.

வர மாட்டேன் என்று அடம்பிடித்த அந்தப் பாட்டி, கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து, "புள்ளைங்களைத் தூக்குங்க! தண்ணி கலங்குது!" என்று கத்தினார். பார்த்தோம். சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. தண்ணீர் தேநீர் நிறமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கையில் அகப்பட்ட பிள்ளைகளை வாரிக்கொண்டு கரைமேட்டில் ஏறினோம். தலை எண்ணி முடிக்குமுன் இரைச்சல் கேட்டது. பாட்டி உட்கார்ந்திருந்த கல் தண்ணீருக்குள் போயிற்று. பிள்ளைகள் விளையாடிய இடத்தில் மரத்துண்டுகள் உருண்டு போயின.

மலாய்க்காரர் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். ஆற்றின் தலைப்பில், நம் கண்ணுக்கு எட்டாத மேட்டில் பெருமழை பெய்கிறது. சாய்ந்த கிளைகளும் கற்களும் சில வேளை அந்த நீரைத் தேக்கி வைத்து, பிறகு ஒரேயடியாக விட்டுவிடும். கீழே இருப்பவர் தலைமேல் வெயிலடிக்கும். காலடியில் வெள்ளம் வரும். நீர் கலங்குதல், சருகு மிதத்தல், மண் வாடை, மேல்புறத்தில் இரைச்சல், நீர்மட்டம் திடீரென ஏறுதல் ஆகியவையே அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பையும் சோற்றுப் பாத்திரத்தையும் தேடாமல் கரையேற வேண்டும். ஆற்றோரமாகக் கீழே ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஏற வேண்டும். நம் மேற்குக் கரை வட்டாரத்தில் ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் மழை மிகுதி. எந்த மாதமானாலும் நண்பகலோடு ஆற்றை விட்டு வெளியேறிவிடுவது நல்லது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் முன்னோர். ஆழம் தெரிந்தாலும், மேலே பெய்யும் மழை தெரியாமல் காலை விடக் கூடாது என்று நாம் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

"எப்படிப் பாட்டி கண்டுபிடிச்சீங்க?" என்று வண்டியில் பிள்ளைகள் கேட்டார்கள். "அந்தக் காலத்துல தோட்டத்து ஆத்துலதானேடா துணி தொவைச்சோம். தண்ணி நெறம் மாறினா துணியை அள்ளிக்கிட்டு மேட்டுக்கு ஓடணும்னு எங்க ஆத்தா சொல்லிக் குடுத்தது" என்றார் அவர். நாங்கள் புத்தகத்தில் படித்ததை அவர் காலால் அறிந்திருந்தார். குழாய்த் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த அறிவை யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. ஆகவே, மலைக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மலைக்குப் போகாமலே இருந்துவிடுவது பாதுகாப்பு என்று சிலர் சொல்லலாம். அப்படி வளரும் பிள்ளை, நாளை வேலைக்குப் போய்த் தோழர்களோடு முதன்முதலாக மலையாற்றில் இறங்கும்போது, சொல்லிக் கொடுக்க அருகில் யார் இருப்பார்? அறிந்தவரோடு போய் அறிந்துகொள்வதே காவல்.

இப்போதும் அந்தப் பையன் காலையில் பள்ளித் திடலில் நின்று கிழக்கே பார்க்கிறான். அது மேகமா, மலையா என்று அவன் கேட்பதில்லை. "இன்னைக்கு மலை மேல கறுப்பா இருக்கு சார், அங்க மழை பெய்யுது. ஆத்துல யாரும் எறங்கக் கூடாது" என்கிறான். நேயர்களே, நாளைக் காலையில் நீங்களும் உங்கள் பிள்ளைகளை அழைத்து அந்த நீலக் கோட்டைக் காட்டுங்கள். அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். பிறகு ஒருநாள், தக்க ஏற்பாட்டோடு, அழைத்துக்கொண்டும் போங்கள்.